கெந்திங் செம்பா: கருங்கல் மலைக்குள் ஒரு பாதை

அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்தப் பக்கம் போனாலும் மலேசியாவில் வேலை பார்த்தவர்களைச் சந்திக்கலாம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறை ஒன்று உண்டு. இன்றைய தலைமுறை திருச்சியில் விமானம் ஏறி நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்குகிறது. ஊர் திரும்புகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தைப் பற்றிச் சொல்வார்கள், பத்துமலையைப் பற்றிச் சொல்வார்கள். கோலாலம்பூரிலிருந்து கிழக்கே பகாங் மாநிலத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் மலைக்குள் நுழைந்து வெளியே வரும் ஒரு சுரங்கப்பாதையைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வண்டி அதைக் கடக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குள் 20 கோடி ஆண்டுக் கதை இருக்கிறது. அதில் நமக்கும் பங்கு உண்டு.

அதன் பெயர் கெந்திங் செம்பா சுரங்கப்பாதை. சிலாங்கூர், பகாங் மாநில எல்லையை ஒட்டித் தித்திவங்சா மலைத்தொடரைத் துளைத்துச் செல்கிறது. நீளம் சுமார் 900 மீட்டர். மலேசியாவில் நெடுஞ்சாலைக்காக மலையைக் குடைந்து போட்ட முதல் சுரங்கப்பாதை இதுதான். 1979இல் திறக்கப்பட்டது. அதுவரை கோலாலம்பூரை ஒட்டிய கோம்பாக்கிலிருந்து பெந்தோங் போக வளைந்து நெளிந்து ஏறும் பழைய மலைச்சாலைதான் வழி. அந்தச் சாலை இன்றும் இருக்கிறது. மிதிவண்டிக்காரர்கள் விரும்பி ஏறுகிறார்கள். சுரங்கப்பாதையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் வரும் முதல் பெரிய ஊர் பெந்தோங். இன்று இஞ்சிக்கும் டுரியான் பழத்துக்கும் பெயர் பெற்ற அந்த ஊர், ஒரு காலத்தில் ஈயச் சுரங்க ஊர்.

மலை ஏன் அங்கே இருக்கிறது, ஈயம் ஏன் அங்கே கிடைத்தது, சுரங்கப்பாதை ஏன் தேவைப்பட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றே: கருங்கல்.

கடல் மூடியபோது பிறந்த மலை

இந்தியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். மலேசியத் தீபகற்பத்தின் மேற்குப் பாதியும் அந்தக் கண்டத்தின் ஓரத்தில்தான், ஆஸ்திரேலியாவின் வடமேற்கை ஒட்டி இருந்தது. புவியியலாளர்கள் அந்தத் துண்டுக்கு சிபுமாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது கோண்டுவானாவிலிருந்து பிய்ந்து வடக்கே நகரத் தொடங்கியது. இந்தியா கிளம்பியது அதற்கு வெகு காலம் கழித்துத்தான். நம்மவர்கள் கப்பலேறிப் போய் இறங்கிய மண், நம் மண்ணுக்கு முன்பே பயணம் புறப்பட்ட கோண்டுவானாவின் இன்னொரு துண்டு.

தீபகற்பத்தின் கிழக்குப் பாதி வேறொரு துண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பெருங்கடல் இருந்தது. மேற்குத் துண்டு நெருங்கி வர வர, கடல் தரை கிழக்குத் துண்டின் அடியில் புகுந்து குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் கடல் முழுவதும் மூடிக்கொள்ள, இரண்டு நிலத்துண்டுகளும் மோதி ஒட்டின. ஒட்டிய இடத்தில் ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது. அதற்குப் புவியியல் நூல்களில் பெந்தோங்-ரவுப் தையல் கோடு என்று பெயர். உலகப் புவியியலாளர்கள் பெந்தோங் என்ற பெயரை அறிந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

இதை வெறும் ஊகமாகச் சொல்லவில்லை. சான்று கல்லிலேயே இருக்கிறது. அந்தத் தையல் கோட்டின் நெடுகிலும் சாலைக்காக வெட்டிய மேடுகளில் செர்ட் என்ற கெட்டியான, அடுக்கடுக்கான பாறை தெரிகிறது. அதை அமிலத்தில் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் தென்படும். கரையிலிருந்து விலகிய ஆழ்கடலின் தரையில் படிந்தவை அவை. மிகப் பழையவற்றின் வயது 37 கோடி ஆண்டு. கடைசியாகப் படிந்தவை சுமார் 25 கோடி ஆண்டுக்கு முந்தையவை. ஒரு கடல் பிறந்து, வாழ்ந்து, மூடிய காலத்தை அந்த ஓடுகளே குறித்து வைத்திருக்கின்றன.

இரண்டு நிலங்கள் மோதினால் மேலோடு தடிக்கும். தடித்த மேலோட்டின் அடிப்பகுதி சூடேறி உருகும். உருகிய குழம்பு மேலேறி, தரைக்கு வராமலே உள்ளே மெல்ல ஆறிக் கருங்கல்லாக உறைந்தது. தித்திவங்சாவின் கருங்கல் இப்படிச் சுமார் 20 முதல் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவானது. மேலே இருந்த பாறை காலப்போக்கில் அரித்துப் போக, கருங்கல் மலைத்தொடராக வெளிப்பட்டது. கெந்திங் செம்பா வட்டாரத்தில் மட்டும் குழம்பின் ஒரு பகுதி தரையைத் தொட்டு எரிமலையாக வெடித்திருக்கிறது. அங்குள்ள எரிமலைப் பாறையில் ஆர்த்தோபைராக்சீன் என்ற கனிமம் இருக்கிறது. சென்னைப் பல்லாவரத்துக் கல்லான சார்னோக்கைட்டுக்கு அடையாளம் தருவதும் இதே கனிமம்தான். மிகுந்த வெப்பமும் குறைந்த நீரும் உள்ள சூழலில் உருவாவது அது.

ஈயம் எங்கிருந்து வந்தது

நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அடுப்பில் தண்ணீர் இல்லாமல் விட்டால் அது உருகிவிடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் கையாள்வதும் இதே உலோகத்தைத்தான்.

கருங்கல் குழம்பு ஆறும்போது முதலில் சில கனிமங்கள் படிகமாகும். வெள்ளீய அணு அந்தப் படிகங்களில் எளிதில் இடம் பெறாது. அதனால் மிச்சமிருக்கும் குழம்பில் சேர்ந்துகொண்டே போகும். குழம்பில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால்தான் இது நன்றாக நடக்கும். மூடிய கடலின் கரிமம் கலந்த பழைய வண்டல் உருகிய குழம்பில் அந்த நிலை அமைந்தது. கடைசித் துளிக் குழம்பும், அதிலிருந்து பிரிந்த சுடுநீரும் வெள்ளீயத்தைச் சுமந்துகொண்டு கருங்கல்லின் உச்சியிலும் வெடிப்புகளிலும் ஏறி, கேசிட்டரைட் என்ற தாதுவாகப் படிந்தன.

அடுத்த வேலை மழையுடையது. கருங்கல் மக்கி மண்ணாகும்போதும் கேசிட்டரைட் மக்காது. மணலைவிட இரண்டரை மடங்கு கனமானது. ஆறு மணலை அடித்துச் சென்றுவிடும். ஈயத்தாது பள்ளத்தாக்கில் தங்கிவிடும். அப்படித் தங்கிய வண்டலைத்தான் மரத்தட்டில் அலசியும், நீரைப் பீய்ச்சியடித்துக் கரைத்தும், மிதக்கும் தூர்வாரிக் கப்பல்களால் அள்ளியும் எடுத்தார்கள். மியன்மாரிலிருந்து இந்தோனேசியாவின் பங்கா, பெலித்துங் தீவுகள் வரை நீளும் இந்த ஈயப் பட்டை, வரலாற்றில் உலகம் எடுத்த வெள்ளீயத்தில் பாதிக்கு மேல் கொடுத்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லோக் இயூ என்ற சீனச் செல்வந்தர் பெந்தோங்கில் சுரங்கம் நடத்த உரிமை பெற்றார். தையல் கோட்டின் கிழக்கே நிலைமை வேறு. அங்கே கிடைத்தது தங்கம். பெந்தோங்குக்கு வடக்கே உள்ள ரவுப்பில் 1889இல் ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தங்கச் சுரங்கம் தொடங்கி, 1900இலேயே செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டியது. மேலும் கிழக்கே, குவாந்தானுக்கு அருகில் உள்ள சுங்கை லெம்பிங்கில் கடினப் பாறைக்குள்ளேயே ஈயத்தைத் தேடிப் போனார்கள். அங்குள்ள சுரங்க வழிகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டரைத் தாண்டும். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொடித்தது. அடுத்த ஆண்டு அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம்.

இந்தப் பொருளாதாரத்தில் நம் மாவட்டத்துக்கும் பங்கு இருந்தது. ராயவரம், கோனாபட்டு போன்ற ஊர்களையும் உள்ளடக்கிய நகரத்தார் சமூகத்தின் வட்டிக்கடைகள், சுரங்கக்காரர்களுக்கும் ரப்பர் தோட்டக்காரர்களுக்கும் கடன் கொடுத்தன. தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களும், சாலையும் தண்டவாளமும் போட்டவர்களும் பெரும்பாலும் கங்காணிகள் அழைத்துப் போன தமிழர்கள். பெந்தோங், காராக் வட்டாரத் தோட்டங்களிலும் அவர்கள் இருந்தார்கள்.

புதுக்கோட்டையிலும் கருங்கல்தான் இருக்கிறது, இங்கே ஏன் ஈயம் இல்லை என்று கேட்கலாம். ஈயம் தங்குவது கருங்கல் உடலின் உச்சிப் பகுதியில். தமிழ்நாட்டின் பாறைகள் மலேசியப் பாறைகளைவிட மிகப் பழையவை. ஒரு காலத்தில் பல கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த மேலோட்டின் அடிப்பகுதிதான் இங்கே இன்று தரையாக இருக்கிறது. உச்சி எப்போதோ அரித்துப் போய்விட்டது.

நார்த்தாமலையும் தித்திவங்சாவும்

நார்த்தாமலையையோ குடுமியான்மலையையோ தூரத்திலிருந்து பார்த்தாலே அது பாறை என்று தெரியும். மேலே மண் இல்லை, மரம் குறைவு. தித்திவங்சாவைப் பார்த்தால் பாறையே கண்ணில் படாது. உச்சி வரை அடர்ந்த காடு. இரண்டும் கருங்கல் மலைகள்தான். வேறுபாட்டை உண்டாக்கியது மழை.

கருங்கல்லில் பெருமளவு இருப்பது பெல்ஸ்பார் என்ற கனிமம். சற்றே அமிலத்தன்மை உள்ள மழைநீர் தொடர்ந்து ஊறினால் பெல்ஸ்பார் களிமண்ணாக மாறும். புதுக்கோட்டையில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுவும் சில மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். மொட்டைப் பாறையில் விழுந்த நீர் வழிந்தோடிவிடும், வெயில் காய்ச்சிவிடும். மலேசிய மலைகளில் அதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் மழை, ஏறத்தாழ ஆண்டு முழுவதும். அங்கே கருங்கல் பத்து, இருபது, சில இடங்களில் முப்பது மீட்டர் ஆழத்துக்கும் மேலாக மக்கிச் செம்மண்ணாகிவிட்டது. அந்தச் செம்மண்ணுக்குள் மக்காத உருண்டைப் பாறைகள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன.

சித்தன்னவாசலில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் பாறையில் படுக்கை செதுக்கிக்கொள்ள முடிந்ததற்கும், பின்னர் அங்கே குடைவரைக் கோயில் எழுந்ததற்கும் இந்த வறட்சி உதவியிருக்கிறது. உளி வைத்த முதல் இடத்திலேயே நல்ல கல். அந்தப் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டத்துக் குகைகூட, மேல்பாரம் குறையக் குறையப் பாறை தகடு தகடாகப் பிரிவதால் உண்டாகும் இயற்கை இடைவெளிதான். தித்திவங்சாவில் நல்ல கல்லைத் தொட வேண்டுமானால் முதலில் மக்கிய மண்ணைக் கடக்க வேண்டும். சுரங்கப்பாதையின் நடுப்பகுதியைவிட வாய்ப்பகுதியே பொறியாளர்களுக்குப் பெரிய கவலை தருவது இதனால்தான்.

துளை ஏன் இடிவதில்லை

கருங்கல்லின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2.7 டன். நூறு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் 270 டன் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும். அங்கே ஒரு துளை போட்டால் அந்தப் பாரம் எங்கே போகும்? ஆற்றுநீர் பாலத்தின் தூணைச் சுற்றி இருபுறமும் விரைந்து போவதைப் போல, பாரம் துளையைச் சுற்றிப் பக்கச் சுவர்களுக்குத் திரும்பும். வட்டத் துளை ஒன்றின் பக்கங்களில் அழுத்தம் மூன்று மடங்கு வரை உயரும் என்று 1898இல் ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் கணக்கிட்டுக் காட்டினார். அதாவது நம் எடுத்துக்காட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 800 டன். மக்காத நல்ல கருங்கல் சதுர மீட்டருக்குப் பத்தாயிரம் டன்னுக்கு மேலும் தாங்கும். கல்லின் வலிமையைப் பொறுத்தவரை எந்த ஆபத்தும் இல்லை.

சிக்கல் விரிசல்களில் இருக்கிறது. எந்த மலையும் ஒற்றைக் கல் அல்ல. மோதலிலும், குளிர்தலிலும், மேல்பாரம் நீங்கியதிலும் உண்டான வெடிப்புகள் அதை வெட்டிக்கொண்டு போகின்றன. மூன்று வெடிப்புகள் துளையின் கூரையில் சந்தித்தால் ஆப்பு வடிவத்தில் ஒரு பாறைத் துண்டு கழன்று விழலாம். அதைத் தடுக்கப் பாறைக்குள் நீளமான எஃகுக் கம்பிகளைச் செருகி இறுக்குகிறார்கள். மேலே சிமென்ட் கலவையைப் பீய்ச்சியடிக்கிறார்கள். மலையைத் தூண் வைத்துத் தாங்குவது இந்த முறையின் நோக்கம் அன்று. மலை தன்னைத்தானே தாங்கிக்கொள்ளும்படி அதன் துண்டுகளைப் பிணைத்து வைப்பதே நோக்கம். கூரை வளைவாக இருப்பதும் இதற்காகத்தான். கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. வளைவில் கல்லின்மேல் பெரும்பாலும் அழுத்தம்தான் இருக்கும்.

கடினப் பாறையைக் குடையும் வழக்கமான முறையில், முகப்புப் பாறையில் பல துளைகள் இட்டு வெடிமருந்து நிரப்புவார்கள். எல்லாம் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. நடுவில் உள்ளவை முதலில் வெடித்து ஒரு குழி உண்டாக்கும்; அதைச் சுற்றியுள்ளவை நொடியின் சிறு பின்னங்கள் கழித்து வெடித்து, கல்லை அந்தக் குழிக்குள் தள்ளும். ஓரத் துளைகள் கடைசியில், குறைந்த மருந்தோடு வெடிக்கும். சுவர் அதிராமல் இருக்க இந்த ஒழுங்கு தேவை. வெடிமருந்து வைத்துப் பாறையைக் குடையும் தொழிலே உலோகச் சுரங்கங்களில் வேரூன்றியது. சாலைச் சுரங்கப்பாதையும் சரி, 1895இல் முல்லைப் பெரியாற்று நீரை வைகைக்குக் கொண்டுவந்த சுமார் 1.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கமும் சரி, சுரங்கத் தொழிலாளர்களின் கைத்திறனுக்குக் கடன்பட்டவை.

வெளிச்சமும் காற்றும்

கெந்திங் செம்பாவில் நடுவழியில் வண்டியை நிறுத்திப் பார்க்க முடியாது. ஆனால் ஓடும் வண்டியிலிருந்தே கவனிக்க வேண்டிய இரண்டு செய்திகள் எந்த நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைக்கும் பொருந்தும்.

ஒன்று, விளக்கு. பகலில் நுழைவாயில் பகுதிக்குத்தான் அதிக வெளிச்சம் தேவை. உள்ளே போகப் போகக் குறைக்கலாம். வெயிலில் இருந்த கண் இருட்டுக்குப் பழகச் சில வினாடிகள் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் வண்டி நூறு மீட்டர் போய்விடும். அதுவரை ஓட்டுநர் குருடாகிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இரவில் வெளியே இருட்டு என்பதால் நுழைவாயிலுக்கு அவ்வளவு வெளிச்சம் வேண்டியதில்லை.

மற்றொன்று, காற்று. 1979இல் திறந்தபோது ஒரே குழாயில் இரு திசையிலும் வண்டிகள் போயின. இரு பக்கமும் வண்டிகள் தள்ளும் காற்று ஒன்றையொன்று எதிர்த்து நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு தேங்கும். 1990களில் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இரண்டாவது குழாய் அமைந்தது. ஒவ்வொரு குழாயும் ஒருவழிப் பாதையானதும், ஓடும் வண்டிகளே காற்றை ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போகத் தொடங்கின. மின்விசிறியின் வேலை குறைகிறது. தீ விபத்து நேர்ந்தால் புகை ஒரு பக்கமாகப் போகும். அடுத்த குழாய் தப்பிக்கும் வழியாகவும் அமையலாம். பிரான்சு-இத்தாலி எல்லையில், இரு திசையிலும் வண்டிகள் போன மோன் பிளாங் சுரங்கப்பாதையில், 1999 மார்ச் 24 அன்று ஒரு லாரி தீப்பற்றி 39 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பைவிடப் புகைதான்.

ஆபத்து வெளியே இருக்கிறது

மலைக்குள் 900 மீட்டர் பத்திரமான இடம். மலையின் சரிவுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 1995 ஜூன் 30 அன்று, கெந்திங் மலைக்குப் போகும் இணைப்புச் சாலையில், பெருமழையில் சேறும் பாறையும் மரங்களுமாகச் சரிந்து வந்த வெள்ளம் வண்டிகளை அடித்துத் தள்ளியதில் 20 பேர் இறந்தனர். 2022 டிசம்பரில் அதே மலைத்தொடரில் பத்தாங் காலி அருகே முகாம் ஒன்றின்மேல் சரிவு விழுந்து 31 பேர் மாண்டனர்.

மக்கிய செம்மண் காய்ந்திருக்கும்போது அதன் துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு ஈரம் துகள்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். மழை தொடர்ந்து பெய்து துளைகளில் நீர் நிரம்பிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். நீரே துகள்களைப் பிரித்துத் தள்ளும். செங்குத்தாக நின்ற சரிவு, எந்த அதிர்ச்சியும் இல்லாமல் நகரத் தொடங்கும். எனவேதான் மலேசிய நெடுஞ்சாலை ஓரங்களில் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் சிமென்ட் வாய்க்கால் அமைத்து, நீரைத் தேங்காமல் இறக்கிவிடுகிறார்கள். அந்த வாய்க்கால்களில் ஒன்று இலைதழை அடைத்து நிற்பதும் பெரிய ஆபத்து.

பிற்காலத்தில் இதே மலைத்தொடரின் அடியில் பகாங்கிலிருந்து சிலாங்கூருக்குக் குடிநீர் கொண்டுவர 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்டினார்கள். குடையும் பணி 2014இல் முடிந்தது. அங்கே கருங்கல்லோடு சேர்த்து, சூடான பாறையையும் உள்ளே பீறிட்ட நீரையும் சமாளிக்க வேண்டியிருந்தது. 20 கோடி ஆண்டு ஆகியும் அந்த மலையின் அடிவயிறு ஆறவில்லை. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை சிதைவதால் கருங்கல் இன்றும் வெப்பம் தருகிறது.

கெந்திங் செம்பா சொல்லும் பாடம் தெளிவானது. கருங்கல்லைக் குடைய மனிதனுக்குத் தெரியும். சித்தன்னவாசல் காலம் தொட்டே தெரியும். குடைந்த மலையில் மழைநீர் எந்த வழியாக இறங்கும் என்பதைக் கணித்து வழி அமைப்பதுதான் கடினமான பாதி. நீலகிரியிலும் வால்பாறையிலும் கொடைக்கானலிலும் சாலைக்காகச் சரிவுகளை வெட்டும்போது, கல்லைவிட அதன் மேலிருக்கும் மண்ணை முதலில் சோதிக்க வேண்டும். வடிகாலைச் சாலையின் உறுப்பாகவே கருத வேண்டும்.

புதுக்கோட்டைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்தன்னவாசலுக்கும் நார்த்தாமலைக்கும் மாணவர்களை அழைத்துப் போகும்போது ஓவியத்தையும் கல்வெட்டையும் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். பாறையைத் தொடச் சொல்லுங்கள். பெல்ஸ்பாரையும் படிகக்கல்லையும் பிரித்துக் காட்டுங்கள். விரிசல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேளுங்கள். அந்த மாணவர்களில் சிலர் நாளை ஏதோ ஒரு நாட்டில் சாலை போடவும் சுரங்கம் குடையவும் போவார்கள். கல்லைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே தம் உயிரையும் உடன் வேலை செய்பவர்களின் உயிரையும் காப்பார்.